தீர்மானத்தில் இல்லாத நிழல்

பாளையங்கோட்டை டெலிபோன் காலனியின் பதினான்காவது பசுமை விழா நடந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான், பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் வெட்டிப்போட்ட தூங்குமூஞ்சி மரத்தின் நிழல் திரும்பி வந்தது. மரம் வரவில்லை. நிழல் மட்டும் வந்தது. மூன்று பிளாக்குகளுக்கும் நடுவில், கார்கள் நிற்கும் சிமெண்டுத் தளத்தின் மேல், ஒரு கல்யாணத்துக்கு வந்த கூட்டம் மொத்தமும் உட்கார்ந்து சாப்பிடும் அகலத்துக்கு அது விழுந்து கிடந்தது. காற்று அடித்தபோது அதன் ஓரங்கள் அசைந்தன, உள்ளே சில்லறை சில்லறையாக வெயில் சிதறி ஓடியது. அண்ணாந்து பார்த்தால் ஆகாயம்தான் இருந்தது, ஒரு மேகம்கூட இல்லை.

முதலில் பார்த்தவர் இஸ்திரி போடும் தாவீது. காலனி வாசலில் முப்பது வருஷமாகக் கரிப்பெட்டியால் துணி தேய்க்கிறவர். தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தவர், கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, யாரையும் கேட்காமல் வண்டியை நிழலின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்தார். அதன் பிறகுதான் மேஜை விரிப்புகளோடு படியிறங்கி வந்த செண்பகவல்லியிடம் சொன்னார்.

"அக்கா, நிழல் வந்துட்டு."

செண்பகவல்லி பார்த்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள், காலனிச் சங்கத்துக்கு இருபது வருஷமாகச் செயலாளர், வயது அறுபத்திரண்டு. அந்த நிழலின் வடிவத்தை அவள் மறந்திருக்கவில்லை. கிழக்கே ஒரு கிளை மட்டும் கூடுதலாக நீண்டு, பால்காரரின் சைக்கிள் நிற்கும் இடம்வரை போகும். இன்றைக்கும் போயிருந்தது.

"ஆமா, வந்திருக்கு" என்றாள் அவள். "அப்பம் மேஜையெல்லாம் இங்கனயே போட்டுருவோம். சாமியானா வேண்டாம்னு சொல்லிருங்க."

அந்த வருஷத்து விழா அந்த நிழலில்தான் நடந்தது. விதை மாற்றிக்கொள்ளும் மேஜை, பழைய சேலையைத் துணிப்பையாக்கித் தைக்கும் மேஜை, ஓட்டைச் சருவத்தையும் கழன்ற குடைக்கம்பியையும் சரிபண்ணிக் கொடுக்கும் மேஜை எல்லாம் நிழலின் வளைவுக்குத் தக்கபடி வளைந்து நின்றன. பதநீர் குடிக்க ஓலைப்பட்டையோடு வந்தவர்கள், குடித்துவிட்டு எழுந்து போகாமல் அங்கேயே சம்மணம் போட்டார்கள். போன வருஷம்வரை பத்தரை மணிக்கெல்லாம் வெயில் தாங்காமல் அவரவர் மின்விசிறிக்குப் போய்விடுகிற சனம், அன்றைக்கு மத்தியானச் சோற்றையும் அங்கே கொண்டுவந்து, மூடியைத் திறந்து, குழம்பை மாற்றிக்கொண்டு சாப்பிட்டது. யாரும் யாரிடமும் இது எப்படி என்று கேட்கவில்லை. நிழல் அவர்களுக்குப் பழக்கமானது. ரொம்ப நாள் வெளியூரில் இருந்துவிட்டு வந்த சொந்தக்காரரிடம், வந்ததும் வராததுமாய் ஏன் வந்தாய் என்று கேட்கிற வழக்கம் அந்த ஊரில் கிடையாது.

சங்கடம் பதினொரு மணிக்கு வந்தது. அந்த வருஷத்து விழாவின் முக்கியமான காரியம், கார் கொட்டகையின் கூரைமேல் வரிசையாகப் பதித்திருந்த சூரியத் தகடுகளைத் திறந்துவைப்பது. மூன்று பிளாக்குகளுக்கும் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை இனிமேல் வெயிலே ஓட்டும் என்று செண்பகவல்லி ஆறுமாதமாக வீடு வீடாகச் சொல்லியிருந்தாள். தகடுகளைப் பதித்த ரெஜினா என்ற இளம்பெண், நாகர்கோவிலிலிருந்து ஸ்கூட்டரில் வந்து போகிறவள், சுவிட்சைப் போட்டாள். மோட்டார் ஒருமுறை செருமிவிட்டுப் பேசாமல் இருந்தது. அவள் மீட்டரைப் பார்த்தாள், கூரைமேல் ஏறிப் பார்த்தாள், இறங்கி வந்து கையைத் துடைத்தாள்.

"தகட்டுல கோளாறு இல்லம்மா. நிழல் விழுது. நிழல் விழுந்தா கரண்டு வராது."

யாருடைய நிழல் என்று ரெஜினாவும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து காலனியின் நாள் அந்த நிழலைச் சுற்றி ஓடத் தொடங்கியது. காலையில் அது பி பிளாக்கின் சுவரில் ஏறி நிற்கும், உச்சியில் நடுவில் இறங்கி உட்காரும், சாயந்தரம் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டித் தெருவில் போகிறவர்கள் தலையிலும் விழும். ஐந்தரை மணிக்கு, தூங்குமூஞ்சி இலைகள் கூம்புகிற நேரத்துக்கு, நிழல் மெள்ள மெலிந்து வலைத்துணி போலாகும். அதைப் பார்த்துத்தான் பெண்கள் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தார்கள். மழை வந்தபோது நிழலில் நின்றவர்கள் எல்லோரும் தொப்பலாக நனைந்தார்கள், அதற்காக நிழலை யாரும் குறைசொல்லவில்லை. காக்கைகள்தான் கொஞ்சம் குழம்பின. பறந்து வந்து, கால்களை நீட்டி, உட்காரக் கிளை இல்லாமல் ஒரு முழம் கீழே விழுந்து, வெட்கப்பட்டது போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பறந்தன. பக்கத்துத் தெருவிலிருந்து பிள்ளைத்தாய்ச்சிகள் வந்து காற்றாட உட்கார்ந்தார்கள். கல்லூரியிலிருந்து தாவரவியல் வாத்தியார் ஒருவர் நாடாவோடு வந்து, அளந்து, எழுதி, கடைசியில் நாடாவைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு ஒரு மணிநேரம் தூங்கிவிட்டுப் போனார். ஒருநாள் விழாவுக்கு மட்டும் கொண்டுவந்த விதை மேஜையும் தையல் மேஜையும் பழுது பார்க்கும் மேஜையும் திரும்பப் போகவே இல்லை. வேலை முடிந்தவர்கள் வேலையில்லாதவர்களோடு உட்கார்ந்து குடைக்கம்பியை வளைத்தார்கள். பதின்மூன்று வருஷமாக செண்பகவல்லி நோட்டீஸ் அடித்து, மைக் வைத்து, கையைப் பிடித்து இழுத்தும் நடக்காத காரியம் அது.

ஆனால் அவள் மட்டும் அந்த நிழலுக்குள் கால் வைக்கவில்லை. முதல்நாள் மேஜை போட்டபோதுகூட ஓரத்து வெயிலில் நின்றுதான் வேலை வாங்கினாள். சி பிளாக்கின் இரண்டாம் மாடியிலிருந்து கடைக்குப் போகவேண்டுமென்றால் சுவரை ஒட்டிச் சுற்றிப் போனாள். தாவீது கவனித்தார்.

அந்த மரத்தை வெட்டியது அவள் கையெழுத்து. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆடி மாதக் காற்றில் காய்ந்த கிளையொன்று முறிந்து, ஏ பிளாக் அருமைநாயகத்தின் புதுக்காரின் மேல் விழுந்து கூரையை அப்பளமாக்கியது. அருமைநாயகம் அன்றைக்கும் சங்கத்தின் துணைத்தலைவர், இன்றைக்கும் அவர்தான். மரத்தை எடுக்க வேண்டுமென்று அவர் தீர்மானம் கொண்டுவந்தார். வேண்டுமென்று ஆறு பேர், வேண்டாமென்று ஆறு பேர் கையைத் தூக்கினார்கள். செயலாளரின் ஓட்டு மிச்சம் இருந்தது. செண்பகவல்லி வேண்டுமென்று கையெழுத்துப் போட்டாள்.

அவள் கணவர் சங்கரலிங்கம் டெலிபோன் கேபிள் ஒட்டுகிறவர். தெரு அடங்கிய பிறகுதான் அவருக்கு வேலை, பகலில்தான் தூக்கம். காலை பத்து மணிக்குச் சாப்பிட்டுவிட்டு நார்க்கட்டிலைத் தோளில் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு வந்துவிடுவார். தண்ணீர்க் குழாயிலிருந்து நாலடி தள்ளி, கட்டிலை எப்போதும் ஒரே இடத்தில் போட்டு, வடக்கே தலைவைத்துப் படுப்பார். வடக்கே தலைவைக்கக்கூடாது என்று போகிற வருகிற எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள், கேலி பண்ணினார்கள், அவர் மாற்றவில்லை. மரத்தை வெட்டிய அன்று கட்டிலை மாடிக்குத் தூக்கிவந்து, உள்ளறையில் போட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். அப்படியே ஐந்து வருஷம் படுத்தார். சாப்பாட்டில் உப்பு குறைந்தால் சொன்னார், லைட் பில் கட்டியாயிற்றா என்று கேட்டார், மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே இறந்துபோனார். அவர் போன மறுவருஷம்தான் செண்பகவல்லி முதல் பசுமை விழாவை நடத்தினாள்.

மாசி முடிந்து பங்குனி வெயில் ஏறியபோது தண்ணீர்ப் பிரச்சினையும் ஏறியது. பழைய கரண்டு இணைப்பை மோட்டாரிலிருந்து எடுத்தாகிவிட்டது, தகடுகளோ நிழலில் தூங்கின, காலையில் ஒரு மணிநேரம் மட்டும் தண்ணீர் ஏறியது. மேல்மாடிக்காரர்கள் குடத்தோடு படியிறங்கினார்கள். அருமைநாயகம் கூட்டத்தைக் கூட்டச் சொன்னார். கூட்டத்துக்கு முன்னால் தனியாகவும் வந்து அவள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தார், மடியில் பழைய தீர்மானப் புத்தகம்.

"மதினி, நான் நல்லா வாசிச்சுப் பாத்தேன். 'வளாகத்தின் நடுவிலுள்ள தூங்குமூஞ்சி மரத்தை வெட்டி அகற்ற ஏகமனதாக' அப்படின்னுதான் இருக்கு. ஏகமனதே பொய், அது கெடக்கட்டும். மரத்தைத்தான் சொல்லியிருக்கோம். நிழலைச் சொல்லல."

"சொல்லல" என்றாள் செண்பகவல்லி.

"அதான் அது போகல. நம்ம மேலதான் தப்பு. இப்பம் 'மேற்படி மரத்தின் நிழலையும்'னு ஒரு வரி சேத்துத் தீர்மானம் போட்டு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா சரியாப் போவும்."

"போவுமா அண்ணாச்சி?"

"மரம் போச்சுல்லா."

அவர் போன பிறகு உள்ளறைக்குப் போனாள். அங்கே சுவரில் சாத்தியிருந்த நார்க்கட்டிலை, பதினான்கு வருஷத்துத் தூசியைத் தட்டி, இரண்டு மாடி இறக்கிக் கொண்டுவந்தாள். வழியில் தூக்கித்தர வந்தவர்களிடம் கொடுக்கவில்லை. நிழலின் ஓரத்தில் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு உள்ளே போனாள்.

குளிர்ச்சி முதலில் உள்ளங்காலில் ஏறியது. மற்ற இடத்துச் சிமெண்டு தோசைக்கல்லாகக் காய்ந்துகொண்டிருக்க, இங்கே அது மழை விட்ட மறுநாள் தரை மாதிரி இருந்தது. தண்ணீர்க் குழாயிலிருந்து நாலடி எண்ணிக் கட்டிலைப் போட்டு, தெற்கே தலைவைத்துப் படுத்தாள். கூரைத் தகடுகளும், ஆகாயமும், ஏ பிளாக்கில் காயும் யாருடைய வேட்டியோ தெரிந்தன. கண்ணில் இடையிடையே வெயில் பட்டது, படாமல் போனது.

தாவீது இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"அக்கா, உங்க வீட்டு அண்ணாச்சி அந்தப் பக்கம் தலை வைக்கமாட்டாவ."

"தெரியும். ஊரே சிரிச்சுது."

"நீங்க வச்சுப் பாத்ததில்லையே" என்று சொல்லிவிட்டு அவர் ஒரு சட்டையின் காலரைத் தேய்க்கத் தொடங்கினார்.

செண்பகவல்லி எழுந்து, தலைமாட்டை வடக்கே மாற்றி, மறுபடி படுத்தாள். எதிரே சி பிளாக் இருந்தது. இரண்டாம் மாடி. அவளுடைய அடுப்படி சன்னல், அதில் அவள் நட்டுவைத்த கருவேப்பிலைத் தொட்டி, உள்ளே எரிகிற குண்டு பல்பு, பல்புக்குப் பின்னால் அலமாரியில் எண்ணெய்த் தூக்குச்சட்டிகூடத் தெரிந்தது. காலை ஷிப்ட் முடிந்து வந்து அவள் நிற்கிற இடம். காய் நறுக்குகிற இடம். எக்ஸ்சேஞ்சில் நாள் முழுக்கப் பேசிய தொண்டைக்கு வெந்நீர் குடிக்கிற இடம். காலனியில் வேறு எந்த மூலையில் எப்படிப் படுத்தாலும் அந்தச் சன்னல் தெரியாது. கிழக்கே கால் நீட்டினால் தெரியாது, மேற்கே நீட்டினால் தெரியாது.

அவர் பார்த்துக்கொண்டிருந்தாரா, சும்மா படுத்திருந்தாரா என்று இனிமேல் யாரிடமும் கேட்க முடியாது. அவள் அந்தச் சன்னலைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். யாரும் வந்து நிற்காத சன்னலை, இலை கூம்பி நிழல் மெலிகிறவரை பார்த்தாள்.

மறுநாள் காலை கூட்டம். பன்னிரண்டு பேரும் வந்திருந்தார்கள். வெளியே சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலனியே நின்றது. அருமைநாயகம் வரியை வாசித்தார், யாரும் சிரிக்கவில்லை. ஆறு பேர் கை தூக்கினார்கள், ஆறு பேர் தூக்கவில்லை. புத்தகம் செண்பகவல்லியின் முன்னால் வந்தது. அவள் பேனாவை எடுத்து, மூடியைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நான் கையெழுத்துப் போட்டது உங்க காருக்காக இல்ல."

அருமைநாயகம் நிமிர்ந்தார்.

"எங்க வீட்டுக்காரரு பகலெல்லாம் மரத்தடியில கெடந்தாரு. நான் வேலைக்குப் போய்ட்டு வந்தா வீட்டுல பேச ஆளில்ல. வீட்டைவிட அந்த மரந்தான் அவருக்குப் பெருசுன்னு எனக்கு எரிச்சல். மரம் இல்லைன்னா உள்ள வந்துதான ஆவணும்னு நெனச்சேன். அதுக்குத்தான் போட்டேன். உங்க காரு எனக்கு ஒரு சாக்கு." அவள் குரல் எக்ஸ்சேஞ்சில் டிரங்கால் நம்பர் சொல்வது போல நிதானமாக இருந்தது. "உள்ளதான் வந்தாரு. ஆனா வரல. இந்த நிழலு எனக்கு மட்டும் வந்ததில்ல, எல்லாருக்கும் வந்திருக்கு. இன்னொருக்கா என் கையால அனுப்ப மாட்டேன். தண்ணி கீழேருந்து சொமக்கணும்னா முத குடம் நான் சொமக்கேன்."

வெளியே விதை மேஜையில் யாரோ இருமினார்கள். அருமைநாயகம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"அப்பம் தகட்டை என்ன செய்ய?" என்றார் கடைசியில்.

"அதுக்கா எடமில்ல? உங்க பிளாக் மொட்டைமாடியில வைக்கலாம்னு ரெஜினா முதல்லயே சொன்னா. தலைக்கு மேல நடந்தா ஒழுவும்னு நீங்கதான் விடல."

"ஒழுவத்தான் செய்யும்" என்றார் அருமைநாயகம். அவர் வீடு ஏ பிளாக்கின் கடைசி மாடி. கொஞ்சம் யோசித்தார். "ஒழுவுனா ஒரு பக்கெட் வச்சுக்கிடுதேன். எம்மவ அந்த நிழல்லதான் நடை பழகுனா. இப்பம் பேரனைக் கூட்டிட்டு வாரேங்கா."

தகடுகளை மாற்றியதுதான் காலனியின் பதினைந்தாவது பசுமை விழா. பத்து மாதம் முன்னாலேயே வந்துவிட்ட விழா. ரெஜினா மேலே நின்று கைகாட்ட, ஒவ்வொரு தகட்டையும் நாலுபேர் பிடித்து, மூன்று மாடிப் படிகளில் நடுவில் குழந்தை தூங்குவது போலப் பார்த்துப் பார்த்துக் கொண்டுபோனார்கள். மோட்டார் ஓடியது. அடுத்த மழையில் அருமைநாயகம் வீட்டு வரவேற்பறை சொன்னபடி ஒழுகியது, அவர் சொன்னபடி பக்கெட் வைத்தார். ஒழுகிய தண்ணீரை அவர் மனைவி துளசித் தொட்டிக்கு ஊற்றினாள்.

கொட்டகையைப் பிரித்த பிறகு அதன் கீழே இருந்த சிமெண்டை உடைத்தார்கள். பத்தொன்பது வருஷமாக வெளிச்சம் காணாத மண், வேருக்குப் பதிலாகப் பொடிந்துபோன கருப்புத் தூளோடு, ஈர வாசனையோடு திறந்தது. செண்பகவல்லி வனத்துறை நாற்றங்காலிலிருந்து ஒரு முழ உயரத் தூங்குமூஞ்சிக் கன்று கொண்டுவந்து நட்டாள். தாவரவியல் வாத்தியார் தலையை ஆட்டினார்.

"இவ்வளவு நிழல்ல கன்னு தேறாதும்மா. வெயில் வேணும்."

அவர் சொன்னது சரிதான். கன்று இரண்டு வாரம் வெளுத்து நின்றது. மூன்றாவது வாரம், உச்சி நேரத்தில், கன்றின் தலைக்கு நேராக நிழலில் ஒரு ஓட்டை விழுந்தது. முதலில் ஒரு தட்டின் அளவு. மறுமாதம் ஒரு சுளகின் அளவு. நிழல் யாரும் சொல்லாமலே நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டது. கன்று ஒரு சாண் ஏறினால் பழைய நிழல் ஒரு சாண் ஒதுங்கியது. கன்று தன் முதல் நிழலைக் கைக்குட்டை அகலத்துக்குக் கீழே போட்டபோது, பழைய நிழல் சரியாகக் கைக்குட்டை அகலத்துக்குக் குறைந்தது. காலனி அதற்கும் பழகியது. மேஜைகளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். ஒரே மேஜையில் ஒருவர் பழைய நிழலிலும் எதிரே இருப்பவர் புது நிழலிலுமாக உட்கார்ந்து பீர்க்கை விதை எண்ணினார்கள்.

வித்தியாசம் செண்பகவல்லிக்கு மட்டும் தெரிந்தது. பழைய நிழல் உள்ளங்காலில் கூடக் கொஞ்சம் குளிரும். மத்தியானம் சாப்பிட்டபின் இறங்கி வந்து, அது எங்கே ஒதுங்கியிருக்கிறதோ அங்கே கட்டிலைப் போடுவாள். ஏழு வருஷத்தில் கட்டில் குழாயடியிலிருந்து சைக்கிள் நிற்கும் இடத்துக்கும், அங்கிருந்து கிழக்குச் சுவருக்கும் போனது. அங்கிருந்து எந்தச் சன்னலும் தெரியாது. அதைப் பற்றி அவளுக்கு வருத்தம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் அவள் தூங்கினாள். சின்ன வயதில்கூட அப்படித் தூங்கியதில்லை என்று தாவீதிடம் சொன்னாள்.

கடைசியாக ஒரு கார்த்திகை மாதத்தில் பழைய நிழல் சுவரோரம் ஒரு பாய் அகலத்துக்கு இருந்தது. பிறகு தலையணை அகலம். ஒரு செவ்வாய்க்கிழமை அவள் இறங்கி வந்து செருப்பைக் கழற்றி, சுவரோரம் நடந்து பார்த்தாள். ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை காலால் தடவிப் பார்த்தாள். தரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்தது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் மேஜைகளில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது, ஏனென்றால் அவர்கள் நிழலில்தான் இருந்தார்கள். கிளையில் ஒரு மைனா உட்கார்ந்து எதையோ கொத்திக்கொண்டிருந்தது. அந்த ஏழு வருஷத்தில் பழைய நிழல் ஒரு இலைகூட உதிர்த்ததில்லை. கன்று உதிர்த்த ஒன்றிரண்டையும் காற்று கொண்டுபோயிருந்தது. அன்றைக்குக் காற்று இல்லை. கட்டில் கிடக்கவேண்டிய இடத்தில் பழுத்த இலை இணுக்குகள் சில விழுந்து கிடந்தன.

தையல் மேஜையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"வைங்க சித்தி, நான் தூத்துருதேன்."

"நீ உன் சோலியப் பாரு. நான் பெருக்குதேன்" என்று செண்பகவல்லி படிக்கட்டுக்கடியிலிருந்த ஈர்க்குவாரியலை எடுத்துக்கொண்டு வந்தாள். மொத்தம் பதினோரு இணுக்குகள். அதைப் பெருக்க அவளுக்குச் சாயந்தரம்வரை ஆயிற்று.